லெவாண்டோவ்ஸ்கியின் பெர்லின்

வியாழன் இரவு

ஒரானியன்புர்கர் வீதி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் கொஞ்ச தூரத்திலேயே அந்தப் பொன் குவிமாடம் தெரிந்துவிடுகிறது. பெர்லின் யூதர்களின் புதிய ஜெப ஆலயம். பெயர்தான் புதியது, திறந்தது 1866 செப்டம்பர் 5ஆம் தேதி. திறப்பு விழாவுக்கு பிஸ்மார்க் வந்திருந்தார். 3,200 பேர் உட்காரக்கூடிய மண்டபம். வரைந்த எடுவர்ட் க்னோப்லாவுக், அவர் நோயுற்றபோது பணியை ஏற்றுக்கொண்ட ஸ்ட்யூலர், இருவருமே திறப்பு விழாவுக்கு முந்தைய வருடமே இறந்துபோனார்கள். திறந்த நாளில் உயிரோடு இருந்து, அந்த மண்டபத்துக்குக் குரல் கொடுத்தவர் மூன்றாவது ஓர் ஆள், ஓர் இசையமைப்பாளர். அவருக்காகத்தான் நான் பெர்லின் வந்திருக்கிறேன். லூயி லெவாண்டோவ்ஸ்கி.

வாசலில் போலீஸ் காவல், உள்ளே பை சோதனை. ஜெர்மனியில் யூத இடங்கள் பலவற்றிலும் இப்படித்தான். நுழைவாயிலுக்கு மேலே ஏசாயாவின் வசனம் எபிரேய எழுத்தில் இருக்கிறது: வாசல்களைத் திறவுங்கள், நீதியுள்ள ஜனம் உள்ளே வரட்டும் என்று. சுவரில் இன்னொரு பலகை. ஆலயத்தின் நூறாவது ஆண்டான 1966இல் வைத்தது. "ஒருபோதும் மறவாதீர்" என்கிறது.

1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் இங்கே தீ வைத்தார்கள். அருகிலிருந்த காவல் நிலையத்தின் தலைவர் வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட். இது அரசு பாதுகாப்பில் உள்ள கட்டடம் என்று சொல்லி அவருடைய நிலையத்தார் கும்பலை விரட்டி, தீயணைப்புப் படையை வரவழைத்தார்கள். அவர் பெயரில் ஒரு நினைவுப் பலகை முகப்பில் இருக்கிறது. தப்பித்த கட்டடத்தை 1940இல் ராணுவம் பிடுங்கிச் சீருடைக் கிடங்காக்கியது. 1943 நவம்பர் விமானத் தாக்குதலில் பெரிய மண்டபம் சிதைந்தது. மிச்சத்தை 1958இல் கிழக்கு ஜெர்மனி இடித்துத் தள்ளியது.

ஆகவே இன்று நாம் பார்ப்பது முகப்பும் முன் அறைகளும் மட்டுமே. உள்ளே போய் அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுப் பின்பக்கம் வந்தால் உயரமான கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் திறந்தவெளி. பழைய மண்டபம் எதுவரை நீண்டது என்பதைத் தரையில் கற்களால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால் மூச்சு முட்டுகிறது. அவ்வளவு தூரம். அந்தக் கோடியிலிருந்து ஆர்கனும் பாடகர் குழுவும் எழுப்பிய ஓசை இந்தக் கோடிவரை எட்ட வேண்டும், அதைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் கூடப் பாட வேண்டும். இந்த அளவுக்குத்தான் அவர் எழுதினார். சின்னச் சின்ன அலங்காரங்கள் இந்த வெளியில் கரைந்துபோகும். அகன்ற, நிதானமான, நெஞ்சு நிறைய மூச்சு எடுத்துப் பாடும் வரிகள்தான் நிற்கும். அவருடைய இசை ஏன் அப்படி இருக்கிறது என்பது கற்கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கண்ணாடிப் பெட்டியில் ஓர் அணையா விளக்கு இருக்கிறது. 1989இல் மறுகட்டுமானத்தின்போது இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்தது. 1930 ஜனவரியில் ஐன்ஸ்டைன் இந்த மண்டபத்தில் ஒரு கச்சேரியில் வயலின் வாசித்திருக்கிறார். எல்லோரும் அந்தக் கச்சேரியின் படத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். லெவாண்டோவ்ஸ்கியின் முன்னால் யாரும் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

வெள்ளி மதியம்

காலையில் ஹாக்கெஷர் மார்க்ட் பக்கம் நடந்தேன். ஹைடரோய்ட்டர்காசெ என்ற சந்தில் பெர்லினின் பழைய ஜெப ஆலயம் இருந்தது. 1714இல் கட்டியது. போரில் போய்விட்டது. ஒட்டினாற்போல் ரோசன் வீதி. யூதக் கணவர்களை விடுவிக்கச் சொல்லி 1943இல் அவர்களுடைய மனைவிமார் நாள்கணக்கில் நின்று குரல் எழுப்பிய இடம். செந்நிறக் கல்லில் அவர்களுக்குச் சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் புல், பெஞ்சுகள், மதிய உணவுப் பொட்டலத்தோடு அலுவலக ஊழியர்கள்.

இந்தச் சந்துக்குத்தான் பன்னிரண்டு வயதில் லெவாண்டோவ்ஸ்கி வந்து சேர்ந்தார். பிறந்தது 1821 ஏப்ரல் 3, போசன் மாகாணத்தில் வ்ரெஷன் என்ற சிற்றூரில். இன்று அது போலந்தின் வ்ஷெஷ்னியா. ஏழைக் குடும்பம். பெரிய பண்டிகை நாட்களில் அப்பா ஆலயத்தில் பாட, பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடுவார்கள். அம்மா இறந்ததும் பையன் பெர்லினுக்கு வந்தான். ஹைடரோய்ட்டர்காசெ ஆலயத்தின் காண்டர் ஆஷர் லியோனுக்குப் பக்கத்தில் நின்று பாடும் சிறுவனாகச் சேர்ந்தான். காண்டர் என்றால் ஆராதனையைப் பாடி நடத்துபவர். அன்றைய வழக்கப்படி ஒரு காண்டர், ஒரு சிறுவன், ஒரு கட்டைக்குரல்காரர், இவ்வளவுதான் இசை. தாளில் எதுவும் கிடையாது, கேள்வி ஞானம்தான்.

தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோனின் பேரனும் வங்கியாளருமான அலெக்சாண்டர் மெண்டல்சோன் பையனின் திறமையைக் கண்டு கைகொடுத்தார். பெர்லின் கலை அகாதமியில் இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்த முதல் யூத மாணவர் இவர்தான். ருங்கன்ஹாகனிடமும் க்ரெல்லிடமும் பாடம். மேடை இசையமைப்பாளராக வர வேண்டியவர். நரம்பு நோய் வந்து சில வருடங்கள் எல்லாவற்றையும் முடக்கிப் போட்டது.

அந்தக் காலத்தில்தான் ஹிர்ஷ் வைன்ட்ராப் என்ற காண்டர் தன் குழுவோடு பெர்லின் வந்து பாடினார். வியன்னாவில் சலோமோன் சுல்ட்சர் என்ற காண்டர் செய்துகொண்டிருந்ததன் அலை அது: பழைய யூத ஜெப மெட்டுகளுக்கு நாற்குரல் இசை, ஒழுங்கான குழு, அச்சிட்ட தாள். பெர்லின் யூதர்களுக்கு நமக்கும் இப்படி வேண்டும் என்ற ஆசை வந்தது. அதற்குத் தேவையான படிப்புள்ள யூத இளைஞன் ஊரிலேயே ஒருவன் இருந்தான், நோயிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்தான். 1840களில் அவர் ஆலயத்தின் பாடகர் குழுத் தலைவரானார். ஜெப ஆலயம் ஒன்றில் முழுநேரக் குழுத் தலைவர் என்ற வேலையே ஏறக்குறைய அவரோடுதான் பிறக்கிறது.

நோய் வராமல் இருந்திருந்தால் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் பாணியில் நல்ல சிம்பொனிகள் சில எழுதியிருப்பார், பத்தோடு பதினொன்றாக. இப்போது உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் அவர் பாடல் கேட்கிறது.

வெள்ளி பின்னிரவு

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

சவின்யிபிளாட்ஸில் இறங்கி பெஸ்டலோட்ஸி வீதி ஜெப ஆலயத்துக்குப் போனேன். முன்பே மின்னஞ்சல் அனுப்பி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்துத்தான் அனுமதி. வீதியிலிருந்து பார்த்தால் ஆலயம் தெரியாது. குடியிருப்பு வீடு ஒன்றின் பின்முற்றத்தில் 1912இலிருந்து இருக்கிறது. 1938இல் இதற்கும் தீ வைத்தார்கள். சுற்றியுள்ள வீடுகளும் எரிந்துவிடும் என்று சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். 1947இல் மறுபடி திறந்தது. ஆர்கன், ஆண் பெண் கலந்த பாடகர் குழு, காண்டர் என்று லெவாண்டோவ்ஸ்கி அமைத்த ஆராதனை முறை வாராவாரம் முழுமையாக நடக்கும் இடம் இதுதான். கச்சேரியாக இல்லை. ஜெபமாக.

வாசலில் தலைக்குக் குல்லா கொடுத்தார்கள். போனை அணைத்துவிட வேண்டும். வெள்ளி மாலையிலேயே யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிட்டதால் உள்ளே எழுதவும் கூடாது. எனவே எல்லாம் நினைவிலிருந்து.

நான் பாளையங்கோட்டையில் கோவில் கொயரில் டெனர் பாடி வளர்ந்தவன். வீட்டில் பாட்டி கர்நாடக சங்கீதம் கேட்பார். இந்த இரண்டு காதுகளும் இன்று ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. குழு பாடும்போது ஜெர்மன் கீர்த்தனைகளின் உறவுக்காரக் குரல்: சொப்ரானோவின் கீழே ஆல்டோ நகர்வது, பேஸ் ஒவ்வொரு படியாக இறங்குவது, எல்லாம் தெரிந்த வழி. காண்டர் தனியாக எடுக்கும்போது முற்றிலும் வேறு உலகம். யூத ஜெபத்துக்கு மரபான ஸ்வர வரிசைகள் உண்டு. எந்த நேரத்துக்கு, எந்தப் பகுதிக்கு எது என்ற ஒழுங்கும் உண்டு. வெள்ளி மாலையில் பாடும் வேதாகமச் சங்கீதங்களுக்கு வரும் 'அதோனாய் மாலாக்' முறையின் ஸ்வரங்கள் பெரும்பாலும் நம் ஹரிகாம்போஜி. அதன்பின் வரும் 'மாகேன் அவோத்' நடபைரவியின் ஸ்வரங்கள். உருக்கமான இடங்களில் வரும் 'அஹவா ரப்பா' அப்படியே வகுளாபரணத்தின் ஏறுவரிசை. கமகம் வேறு, பிடிகள் வேறு. ராகம் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும், எதை உரசிக்கொண்டு இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நம் காது சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறது.

லெவாண்டோவ்ஸ்கி செய்தது என்னவென்று அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெளிவானது. ஒன்றை எடுத்து இன்னொன்றால் மூடவில்லை. காண்டரின் பாட்டில் பழைய முறையை அதன் வளைவு நெளிவோடு விட்டுவைத்தார். சபை பதில் சொல்லும் இடத்தில் நாற்குரலை நிறுத்தினார். ஆர்கன் இரண்டுக்கும் இடையில் சுருதியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் எங்கே நுழைய வேண்டும் என்று சொல்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு இசைகள் மாறி மாறி வருகின்றன. தையல் தெரியவில்லை.

'லெக்கா தோதி' பாடலில் ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கிறார்கள். கடைசி அடிக்கு எல்லோரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். முகம் வாசலைப் பார்க்க, குழுவின் குரல் முதுகில் வந்து மோதுகிறது. கச்சேரி மண்டபத்தில் இந்த அனுபவம் கிடைக்கவே கிடைக்காது. பாடகர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எழுதிய இசை அல்ல இது.

பிறகு 92ஆம் சங்கீதம். அதன் கடைசிப் பகுதியை அவர் தனியே ஒரு பாடலாக வைத்திருக்கிறார், 'சதீக் கத்தாமார்'. "நீதிமான் பனையைப்போல் செழித்து, லீபனோனிலுள்ள கேதுருவைப்போல் வளருவான்." திருநெல்வேலிச் சீமையில் பனைக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இந்த வசனத்தைச் சொல்லித்தரத் தேவையில்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல் மெட்டு உயர்கிறது. முதுமையிலும் கனி தருவார்கள் என்ற வரிக்கு வந்தபோது என் பக்கத்திலிருந்த வயதான அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடினார். குரல் நடுங்கியது, சுருதி நடுங்கவில்லை.

முடிந்ததும் திராட்சரசத்தின் மேல் 'கித்தூஷ்' பாடினார்கள். அதுவும் அவருடைய மெட்டுதான். பல நாடுகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெள்ளிதோறும் அப்பாக்கள் பாடுவது. பாடுகிற பலருக்கு இது ஒருவர் எழுதியது என்பதே தெரியாது. வெளியே வரும்போது அந்த அம்மாவிடம் "இதெல்லாம் சிறுவயதிலிருந்தே தெரியுமா?" என்று கேட்டேன். "இல்லை, நஹாமாவிடம் கேட்டுக் கேட்டு வந்தது" என்றார்.

எஸ்ட்ரோங்கோ நஹாமாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிரேக்கத்தின் சலோனிகாவில் 1918இல் பிறந்தவர். 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். குடும்பத்தைக் கொன்றார்கள். அவரைக் குரல் காப்பாற்றியது. 'ஆஷ்விட்ஸின் பாடகர்' என்று முகாமில் பெயர். 1945இல் பெர்லினுக்குப் பக்கத்தில் விடுதலையானவர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி, 1947இலிருந்து பெர்லின் சபையின் காண்டரானார். அவருடையது ஸ்பானிய யூத மரபு. லெவாண்டோவ்ஸ்கியின் பாடல்கள் அவருக்குப் பிறவியில் வந்தவை அல்ல. அவற்றைப் பாடிய ஜெர்மன் யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டும் சிதறியும் போயிருந்தார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த ஒருவர் அதைக் கற்றுக்கொண்டு, 2000 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாடினார். வெள்ளி மாலை வானொலியில் அவர் குரல் பெர்லின் சுவரின் இரண்டு பக்கமும் கேட்டது. இன்று நான் கேட்டது அவர் கைமாற்றித் தந்தது.

சனி இரவு

இன்று அதிகம் சுற்றவில்லை. பிரென்ட்ஸ்லாவர் பெர்க்கில் தண்ணீர்க் கோபுரத்தை ஒட்டிய ரீக்கெ வீதியில் ஜெர்மனியின் மிகப் பெரிய ஜெப ஆலயம் இருக்கிறது. 1904இல் கட்டியது. ஓய்வுநாள் என்பதால் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வெளியில் நின்று செங்கல் வளைவைப் பார்த்துவிட்டு வந்தேன். 2011இலிருந்து லெவாண்டோவ்ஸ்கி பெயரிலேயே டிசம்பரில் ஒரு பாடகர் குழு விழா பெர்லினில் நடக்கிறது. அதன் நிறைவு நிகழ்ச்சிக்கு இந்த ஆலயம் இடம் தந்திருக்கிறது.

காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு பழைய சண்டையை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆர்கன் சண்டை. பண்டைய எருசலேம் ஆலயம் இடிந்த துக்கத்தில் யூதர்கள் ஜெபத்தில் வாத்தியத்தை விலக்கியிருந்தார்கள்; ஓய்வுநாளில் வாத்தியம் வாசிப்பது வேலை என்றும் தடை. அதோடு ஆர்கன் என்றாலே தேவாலயம். புதிய ஜெப ஆலயத்தில் ஆர்கன் வேண்டும் என்று சபைக்கு எழுத்தில் கருத்துச் சொன்னவர்களில் லெவாண்டோவ்ஸ்கியும் ஒருவர். அவர் சொன்ன காரணம் நடைமுறையானது: அவ்வளவு பெரிய கூட்டத்தின் பாட்டைச் சேர்த்துப் பிடிக்க மனிதக் குரலால் ஆகாது. வைதிகத் தரப்பு ஏற்கவில்லை. இது போன்ற சீர்திருத்தங்களால் மனம் முறிந்து 1869இல் பிரிந்துபோய் அதாஸ் யிஸ்ரோயேல் என்ற தனிச் சபை அமைத்தார்கள்.

அவர்களுடைய வலி எனக்குப் புரிகிறது. பாட்டி பாடிய மாதிரி இல்லாத பாட்டு நம் கோவிலில் வந்தால் நெஞ்சு சுருங்கத்தான் செய்யும். ஆனால் "சர்ச் மாதிரி ஆக்கிவிட்டார்" என்று இன்றும் சிலர் அவரை ஒரே வரியில் தள்ளுவது நியாயமில்லை. அப்படிச் சொல்பவர்கள் அவருடைய நாற்குரல் பகுதிகளை மட்டும் பார்க்கிறார்கள். காண்டர் பகுதிகளைப் பார்ப்பதில்லை. அப்ரஹாம் லிக்டன்ஸ்டைன் என்ற மகத்தான காண்டர் 1845இல் பெர்லின் வந்தார். அவர் பாடப் பாட, இருபது வருடங்களுக்கு மேல் பக்கத்தில் இருந்து கேட்டு, அந்த மனோதர்மத்தைத் தாளில் இறக்கியவர் லெவாண்டோவ்ஸ்கி. எழுதியிராவிட்டால் அந்தப் பாணி லிக்டன்ஸ்டைனோடு போயிருக்கும். இன்னொன்று: மாக்ஸ் ப்ரூக் என்ற புராட்டஸ்டண்ட் இசையமைப்பாளர் செல்லோவுக்கு எழுதி 1881இல் வெளியான 'கோல் நித்ரே' (யூதர்களின் பாவநிவாரண நாள் மாலை ஜெபத்தின் மெட்டு) உலகப் புகழ் பெற்றது. அந்த மெட்டு ப்ரூக்குக்குக் கிடைத்தது லிக்டன்ஸ்டைன் வழியாகத்தான்.

ஞாயிறு இரவு

சனிக்கிழமை யூதக் கல்லறைத் தோட்டங்கள் மூடியிருக்கும் என்பதால் இன்றைக்கு வைத்திருந்தேன். எம்4 டிராமில் வைசன்சே. 1880இல் திறந்தது, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் கல்லறைகள். வாசலில் தொப்பி கேட்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வட்டமாக அடுக்கிய கற்களில் வதைமுகாம்களின் பெயர்கள். அதைத் தாண்டித்தான் எந்தக் கல்லறைக்கும் போக முடியும்.

ஐவி கொடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது. சில வரிசைகளில் கல்லே தெரியவில்லை, இலைதான். வரைபடம் வாங்கிக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தேன். லூயி லெவாண்டோவ்ஸ்கி, 1894 பிப்ரவரி 4 அன்று இறந்தார். பக்கத்தில் மனைவி ஹெலெனே. வயதான, கதியற்ற இசைக்கலைஞர்களுக்கென ஓர் அமைப்பை நிறுவி நடத்தியவர் லெவாண்டோவ்ஸ்கி. கல்லில் ஒரு வரி: அன்பே பாடலைச் சாகாமல் வைக்கிறது. வந்தவர்கள் வைத்துப்போன கூழாங்கற்கள் மேலே வரிசையாக இருந்தன. நானும் ஒன்று வைத்தேன்.

மகள் மார்த்தா தத்துவ அறிஞர் ஹெர்மன் கோஹெனை மணந்தார். கான்ட்டின் தத்துவத்தைப் புதுப்பித்தவர், ஜெர்மன் பண்பாடும் யூத அறமும் ஒன்றுக்கொன்று உறவு என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர். மாமனார் அதையே இசையில் செய்தவர். கோஹெனுக்கும் இங்கேதான் கல்லறை. மார்த்தாவுக்கு இல்லை. கணவர் இறந்து பல வருடங்கள் கழித்து, எண்பது வயது தாண்டிய அவரைத் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942இல் அங்கேயே இறந்தார். 1866இல் ஆலயம் திறந்தபோது அவர் சின்னப் பெண். அப்பாவின் குழு அந்த மண்டபத்தில் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்.

கோஹென் கல்லறையிலும் ஒரு கல் வைத்தேன். மார்த்தாவுக்காகவும் சேர்த்து.

திங்கள் காலை

ரயிலுக்கு நேரம் இருக்கிறது. லெவாண்டோவ்ஸ்கியின் புத்தகங்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தவர்களுக்குப் பதில்.

முதல் புத்தகம் 'கோல் ரின்னா உத்பில்லா', 1871. பெர்லினின் பெரிய குழுவுக்கு அல்ல, ஒரு குரலுக்கும் இரு குரலுக்கும் எழுதியது. ஆர்கன் இல்லாத, கொயர் இல்லாத சிற்றூர்ச் சபைகள் பாடட்டும் என்று. வ்ரெஷனில் அப்பாவோடு பாடிய பையனுக்குத் தெரியும், அந்த ஊர்களில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவருடைய மெட்டுகள் இவ்வளவு தூரம் பரவியதற்கும் இந்தப் புத்தகமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 3,200 பேர் மண்டபம் இல்லாமலே பாட முடிகிறவை அவை.

பெரிய குழுவுக்கானது 'தோதா வெஸிம்ரா'. நாற்குரலும் காண்டரும், வேண்டுமானால் ஆர்கனும். இரண்டு பாகங்கள், 1876இலும் 1882இலும். இதற்கு வெளியே ஜெர்மன் மொழியில் பதினெட்டு சங்கீதங்களுக்கு இசையமைத்திருக்கிறார், ஆர்கனோடு.

நம்மூர் கொயர் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய 150ஆம் சங்கீதம், 'ஹலேலூயா', எக்காளமும் வீணையும் கைத்தாளமும் கொண்டு துதியுங்கள் என்று நமக்கெல்லாம் மனப்பாடமான அதே சங்கீதம், நான்கு குரலில் நடுத்தரக் குழுவுக்கு எட்டக்கூடியதே. எபிரேய வரிகள் கொஞ்சம்தான், தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு பாடிவிடலாம். அவர் இறந்து நூற்றாண்டுக்கு மேல் ஆனதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சோல்ஃபா ஸ்வரக் குறியீட்டில் மாற்ற நான் உதவுகிறேன், கேளுங்கள். நிகழ்ச்சித் தாளில் லூயி லெவாண்டோவ்ஸ்கி, பெர்லின் ஜெப ஆலயம் என்று மறக்காமல் போட்டுவிடுங்கள்.